மாட்டாமையும் மறுத்தலும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சங்கத்தின் கூட்டங்களிலே கல்வி, கைத்தொழில், சிக்கனம் முதலிய பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் பேச நாம் கேட்டிருக்கிறோம். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளோ மேடையிற் பேசப்படுவதன்று. வீட்டின் உள்ளறையில் கதவைச் சார்த்திக்கொண்டு, தாயும் தந்தையும் தமக்குள் மெல்லப் பேசிக்கொள்வது. ஆட்டிசம் என்னும் இயல்போடு பிறந்த மக்களையுடைய குடும்பங்கள் நம்மிடையே உள. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, உலகில் 127 பேருக்கு ஒருவர் இவ்வியல்பு உடையவர். அங்ஙனமாயின், ஆயிரம் பேர் கூடும் திருமணம் ஒன்றில் ஏறக்குறைய எண்மரேனும் இருத்தல் வேண்டும். அவர்களை நாம் அங்கே காண்கிறோமா? காணவில்லையெனின், அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இவ்வினாவை முதற்கண் உங்கள் முன் வைக்கிறேன்.

‘ஆட்டிசம்’ என்னும் சொல், ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. சுவிட்சர்லாந்து தேசத்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் என்பார், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், வேறொரு மனநோயின் குறியைச் சுட்டுதற்கு அதனை ஆக்கினார். பின்னர் 1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அச்சொல்லை இவ்வியல்புக்கு வழங்கினார். தமிழில் இதனை ‘மதியிறுக்கம்’ என்பாரும் உளர். மதி இறுகிப்போயிற்று என்னும் பொருள் இவர்கள்பாற் பொருந்தாமையின், யான் ஆட்டிசம் என்றே வழங்குவேன். பிறரோடு பழகும் முறையிலும், பேச்சிலும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் விருப்பத்திலும், கண் செவி முதலிய புலன்கள் உலகை ஏற்கும் வகையிலும் பிறவியிலேயே வேறுபட்டு அமைந்த மூளையமைப்பு இது. தொற்றுநோயன்று, பெற்றோர் வளர்த்த முறையால் வந்ததுமன்று.

இதன் குறிகளையெல்லாம் விரித்துரைக்க நேரம் போதாது. அவற்றுள் குடும்பத்தாரை மிகவும் மயங்கச் செய்வதும், குழந்தைகள் அடிபடுவதற்குப் பெரிதும் காரணமாவதும் ஆகிய ஒன்றனையே இன்று எடுத்துரைப்பேன். அது யாதெனின், இவர்களுக்கு நேற்று இயன்ற செயல் இன்று இயலாமற் போவதும், நாளை மீண்டும் இயல்வதுமாகும்.

பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் தானே எழுந்து பல் துலக்கினான், குளித்தான், சட்டைக்குப் பொத்தான் இட்டான், இரண்டு இட்டிலி உண்டு பாடசாலைக்குச் சென்றான். தாய் உள்ளம் குளிர்ந்தாள். செவ்வாய்க்கிழமை காலையிலோ, அதே சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நிற்கிறான். கேட்டால் விடையில்லை. தொட்டால் அலறுகிறான். ‘நேற்றுச் செய்தவனுக்கு இன்று என்ன வந்தது? எல்லாம் திமிர்’ என்கிறார் தந்தை. ‘நீ கொடுத்த செல்லம்’ என்று மருமகளைப் பார்த்துச் சொல்லுகிறார் பாட்டியார். ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி கூறுகிறார் அண்டை வீட்டார். முதல் நாள் கண்ட வெற்றியே மறுநாள் அக்குழந்தைக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது! ஒரு நாளும் செய்யாதிருந்தானாயின், ‘பாவம், இயலாத பிள்ளை’ என்று இரங்கியிருப்பர். ஒரு நாள் செய்துவிட்டமையால், இனி எந்நாளும் செய்யக் கடன்பட்டவனாகிவிட்டான்.

தமிழ் கற்பிப்போன் ஆதலின், ஈண்டு ஒரு சொல்லின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். ‘செய்யமாட்டான்’ என்று நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். மாட்டுதல் என்பதற்குப் பழைய வழக்கில் வல்லனாதல் என்பது பொருள். மாட்டான் என்றால் வல்லனல்லன், இயலாதவன் என்றே முன்னோர் கொண்டனர். மாட்டாமை என்பது இயலாமையே. இக்காலத்துப் பேச்சிலோ அச்சொல் பெரும்பாலும் மனமின்மையையும் மறுத்தலையும் குறிக்கலாயிற்று. ஒரே சொல்லில் இயலாமையும் மறுத்தலும் கலந்து கிடத்தலால், ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் நமக்கு எளிதாயிற்று. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அச்சிறுவன் பழைய பொருளில் மாட்டாதவன். நாம் அவனைப் புதிய பொருளில் மாட்டாதவனாகக் கொண்டு தண்டிக்கிறோம்.

இனி, ஒருவனுக்குள்ளே ஆற்றல் இங்ஙனம் ஏறியும் இறங்கியும் வருதற்குக் காரணம் என்னையெனின், நான்கினைக் கூறலாம்.

முதலாவது, புலன்களின் சுமை. நம் செவி வேண்டாத ஒலிகளைத் தானே ஒதுக்கிவிடுகிறது. மின்விசிறியின் ஓசையும், தெருவில் ஓடும் வண்டியின் இரைச்சலும், சமையலறையில் பாத்திரம் உருளும் ஒலியும் நமக்குப் பின்னே மறைந்து நிற்க, எதிரே பேசுவோர் சொல் முன்னே வருகிறது. ஆட்டிசம் உடையார் பலர்க்கு எல்லா ஒலியும் ஒருங்கே முன்னே வந்து மோதும். சட்டையின் கழுத்துப் பட்டைத் துணுக்கு சிலருக்கு முள்ளாக உறுத்தும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தார் 2013-இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், புலன்கள் அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ உணர்தலை இவ்வியல்பின் குறிகளுள் ஒன்றாகச் சேர்த்தனர். இதன் கடுமை இடத்துக்கு ஏற்ப வேறுபடலாம் என்பதனையும், காலந்தோறும் ஏறி இறங்கலாம் என்பதனையும் அக்கையேடே கூறுகிறது.

இரண்டாவது, எதிர்பாராத மாற்றம். வழக்கமாக வரும் பேருந்து வாராமை, ஆசிரியர் விடுப்பில் இருத்தல், விருந்தினர் சொல்லாமல் வருதல் ஆகியன நமக்குச் சிறியன. அடுத்து நிகழ்வது இன்னதென அறிந்திருத்தலையே பற்றுக்கோடாகக் கொண்டவர்க்கு, அப்பற்றுக்கோடு அறுந்துபோதல் சிறிதன்று.

மூன்றாவது, பிறரைப் போல நடித்தலால் வரும் களைப்பு. கண்ணைப் பார்த்துப் பேசு, கையை அசைக்காதே, சிரிக்கும்போது சிரி என்று கற்பிக்கப்பட்டவர்கள் அவற்றையெல்லாம் முயன்று செய்கிறார்கள். பெண்மக்கள் இதில் மிகுதியும் தேர்ந்துவிடுதல் உண்டு. ஒரு நாள் முழுதும் வேடம் புனைந்து ஆடிய கூத்தன் இரவில் எத்துணைக் களைப்பு அடைவானோ, அத்துணைக் களைப்பு இவர்களுக்கு நாள்தோறும் உண்டு.

நான்காவது, உடம்பு. இவர்களுட் பலர்க்கு உறக்கம் குறைவு. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் முதலியன இருந்தாலும், இன்ன இடத்தில் நோகிறது என்று சொல்லச் சிலர்க்கு இயலாது. பசியும் தாகமும் வந்தமையைத் தாமே உணராதாரும் உளர். வலி வாயால் வெளிப்படாமையின், நடையில் வெளிப்படுகிறது. நாம் அதனைப் பிடிவாதம் என்று பெயரிட்டு விடுகிறோம்.

இந்நான்கும் தனித்தனியே வருவனவல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வன. ஏரியை நோக்குங்கள். நான்கு வாய்க்கால் வழியாக நீர் வந்து சேருகிறது. கரை தாங்குமளவும் வெளியே யாதும் தெரிவதில்லை. நிறைந்த பின்னர் ஒரு சிறு தூறல் விழுந்தாலும் கரை உடைந்துவிடும். அப்போது, ‘இச்சிறு தூறலுக்கா உடைந்தது?’ என்று வியப்பது பேதைமை அன்றோ? செவ்வாய்க்கிழமை காலையில் சட்டையை அணிய இயலாமற் போனதற்குக் காரணம் சட்டையன்று. திங்கட்கிழமை வகுப்பில் இருந்த இரைச்சலும், மாலையில் வந்த விருந்தினரும், இரவில் கெட்ட உறக்கமும் சேர்ந்து நிறைந்த ஏரி அது.

மேலும் ஒன்று. குளித்தல் என்று நாம் ஒரு சொல்லால் கூறுவது ஒரு செயலன்று. எழுதல், துண்டை எடுத்தல், ஆடை களைதல், நீரின் சூடு பார்த்தல், முகந்து ஊற்றுதல், சோப்புத் தேய்த்தல், கழுவுதல், துவட்டுதல் எனப் பல செயல்களின் கோவை. பழக்கத்தால் நாம் அரைத் தூக்கத்திலும் இதனைச் செய்துவிடுவோம். இவர்களுட் பலர்க்கோ ஒவ்வொரு படியும் தனித்தனியே எண்ணிச் செய்ய வேண்டியதாகும். மனம் தெளிந்திருக்கும் நாளில் எண்ணிச் செய்துவிடுகிறார்கள். சுமை மிகுந்த நாளில் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். பேச்சும் இவ்வாறே. நன்றாகப் பேசும் சிலர்க்கு, சுமை மிகும்போது சொல் உள்ளே இருந்தும் வாய்க்கு வாராது. அந்நேரத்தில் ‘வாயைத் திற’ என்று அதட்டுவது, கால் மரத்தவனை ஓடு என்பதை ஒக்கும்.

தாய்மார்கள் பலர் கேட்கும் ஒரு வினா உண்டு. ‘பாடசாலையில் அடங்கியிருக்கிறான் என்று ஆசிரியர் சொல்லுகிறார், வீட்டுக்கு வந்தவுடனே கூச்சலிட்டுப் புரளுகிறான். குற்றம் என்னுடையதா?’ என்பர். அன்று, தாயே! பகல் முழுதும் அடக்கி வைத்ததை, அடக்க வேண்டாத இடத்திலே அவன் இறக்கி வைக்கிறான். உன் வீடு அவனுக்கு அஞ்சாமல் இருத்தற்குரிய இடமாக இருப்பதன் அடையாளம் அது. அத்தகைய தாயைப் பழிப்போர் சற்றே நாவை அடக்குதல் நன்று. குளிர்ந்த நெஞ்சுடைய தாய்மாராலேயே இவ்வியல்பு வருவதென்று மேல்நாட்டு அறிஞர் சிலரும் ஒரு காலத்தில் எழுதினர். தாமும் இத்தகைய மகனுக்குத் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லாண்டு என்பார் 1964-ஆம் ஆண்டில் நூல் எழுதி அதனை மறுத்தார். கற்றோர் கைவிட்ட அப்பழியை நம் வீட்டுத் திண்ணைகளில் நாம் இன்னும் சுமத்துவது தகுமா?

ஆற்றல் என்பது ஆளை மட்டும் பொறுத்ததன்று, இடத்தையும் பொறுத்தது என்பதற்குக் கானர் எழுதியவற்றிலேயே ஒரு சான்று உண்டு. அவர் விவரித்த பதினொருவருள் முதல்வர் டொனால்டு டிரிப்லெட் என்பார். 1933-இல், அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரிலே பிறந்தார். 1937-இல், மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, இடமாற்றம் நன்மை செய்யும் என்று எண்ணி அவரை வீட்டைவிட்டு ஒரு விடுதியில் சேர்த்தனர். அங்கே அவர் நிலை மிகவும் தாழ்ந்தது. மறு ஆண்டில் பெற்றோர் மீட்டுக்கொண்டு வந்தனர். பின்னர் 1942-இல், வீட்டிலிருந்து பத்து மைல் தொலைவிலுள்ள பண்ணை ஒன்றில், பிள்ளையில்லாத உழவர் தம்பதியரிடம் ஒப்புவித்தனர். அவர்கள் கல்வியிற் பெரியவர்களல்லர், ஆயினும் பேரறிவாளர். அளப்பதிலேயே அச்சிறுவர்க்கு ஓயாத விருப்பம் இருந்தது. அதனைத் தடுக்காமல், கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து கூறச் செய்தனர். சோளப் பயிரின் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தபோது, ‘உழுதுகொண்டே எண்ணு’ என்றனர். 1945-இல் அங்கே சென்று கண்ட கானர், அத்தம்பதியரின் அறிவுடைமையைக் கண்டு வியந்ததாக 1971-இல் எழுதினார். டிரிப்லெட் கல்லூரியில் பயின்று, ஊர் வங்கியிலே பணியாற்றி, தாமே கார் ஓட்டி, பல தேசங்களுக்கும் பயணம் செய்து, 2023-ஆம் ஆண்டில் 89-ஆம் வயதில் காலமானார். ஊரார் அவரை மாற்ற முயலாமல் தம்முள் ஒருவராகவே வைத்துக்கொண்டனர். ஒருவரே ஓரிடத்தில் ஒடுங்கினார், மற்றோரிடத்தில் வளர்ந்தார். எல்லாரும் அவரைப் போல் ஆவர் என்று யான் கூறவில்லை. வாழ்நாள் முழுதும் பிறர் துணையின்றி வாழ இயலாதாரும் பலர். அவர்கட்கும் இடம் பொருந்திய நாளும் பொருந்தாத நாளும் வேறுவேறே.

வளர்ந்தவர்களையும் மறத்தலாகாது. கிறிஸ்டின் மிசராண்டினோ என்னும் அமெரிக்கப் பெண்மணி, தமக்கிருந்த வேறொரு நோயைத் தோழிக்கு விளக்க உணவு மேசையில் இருந்த கரண்டிகளைத் திரட்டிக் காட்டியதாக 2003-இல் எழுதினார். காலையிற் கையில் சில கரண்டிகளே உள; எழுந்தால் ஒன்று போயிற்று, குளித்தால் ஒன்று போயிற்று, இவ்வாறு மாலைக்கு முன்னரே கை வெறுமையாகும் என்றார். ஆட்டிசம் உடையார் பலர் தம் நிலையை உணர்த்த அவ்வுவமையையே எடுத்துக்கொண்டனர். வணிகக் குடும்பத்தார் இதனைக் கைம்முதல் என்று கொண்டால் எளிதில் விளங்கும். முதலுக்கு மிஞ்சிய செலவு ஒரு நாள் செய்யலாம். நாள்தோறும் செய்தால் கடை மூடப்படும். அவ்வாறு கடை மூடுதலும் உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் டோரா ரேமேக்கரும் உடன் ஆய்ந்தாரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அதனை விவரிக்கிறது: நீங்காத களைப்பு, முன்பு கைவந்த திறன்களை இழத்தல், ஒலியையும் ஒளியையும் தாங்காமை ஆகிய மூன்றும் திங்கட்கணக்கில் நீடிக்கும். அலுவலகத்திற்குச் சென்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவர் திடீரெனச் சோறு எடுத்து உண்ணவும் இயலாமல் கிடந்தால், சோம்பல் என்று வையாதீர்கள்.

இங்கே ஒரு தடை எழும். ‘எல்லாவற்றையும் இயலாமை என்று விட்டுவிட்டால், பிள்ளை ஏமாற்றக் கற்றுக்கொள்ளானா?’ என்பீர்கள். கேட்கத்தக்க வினாவே. எல்லாக் குழந்தைகளும் சில வேளை ஏமாற்றுவர், இவர்களும் குழந்தைகளே. ஆயினும் வேறுபாட்டை அறியும் வழி உண்டு. விரும்பாத வேலையை மட்டும் விட்டானா, தனக்கு மிக விருப்பமான விளையாட்டையும் இன்று தொடவில்லையா என்று பாருங்கள். முன்னாள் இரவு உறங்கினானா, புதியது ஏதேனும் நிகழ்ந்ததா என்று பாருங்கள். பார்த்தும் துணியக்கூடவில்லையெனின், இரண்டு பிழைகளையும் தராசில் இடுங்கள். ஏமாற்றியவனை இயலாதவன் என்று கொண்டால், ஒரு நாள் குளியல் தவறும். இயலாதவனை ஏமாற்றுக்காரன் என்று கொண்டால், தன் உடம்பு தனக்கு உதவாத நேரத்தில் தன்னைப் பெற்றவர்களும் பகைவராயினர் என்பதை அவன் கற்பான். எது பெரிய நட்டம்?

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள.

பெற்றோர், ஒரு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்க. உறக்கம், உணவு, மலங்கழித்தல், சென்ற இடம், வந்தவர், இயன்றது, இயலாதது ஆகியவற்றை நாள்தோறும் இரண்டு வரி எழுதுக. இரண்டு திங்களில், காரணமின்றி நிகழ்வதாகத் தோன்றியவற்றுட் பலவற்றிற்குக் காரணம் தெரியவரும். நல்ல நாளைக் கண்டு உதவியை நிறுத்திவிடாதீர்கள். அந்த உதவியினாலேயே அது நல்ல நாளாயிற்று. தீய நாளைக் கண்டு கல்வியை நிறுத்திவிடாதீர்கள். இன்று மறைந்த திறன் அழிந்துவிடவில்லை. ஆயின், திறன் இழந்த நிலை பல நாள் நீடித்தாலும், உண்ணுதலோ அசைதலோ குன்றினாலும், வலிப்பு வந்தாலும், அதனை ஏற்ற இறக்கம் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுக.

அரசாங்கச் சான்றிதழ் பெறச் செல்லும்போதும் அப்புத்தகத்தைக் கொண்டு செல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையான குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. இதனை மதிப்பிட 2009-இல் வெளியிடப்பட்ட இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள. ஒவ்வொன்றும் உண்டா இல்லையா என்று கேளாமல், எத்துணை வேளைகளில் காணப்படுகிறது என ஐந்து படியாக மதிப்பிடுமாறு அஃது அமைந்துள்ளது. ஒரு நாள் ஒரு மணி நேரம் கண்ட காட்சி போதாது என்பதை அவ்வமைப்பே காட்டுகிறது. அன்று பிள்ளை அமைதியாய் இருந்தான் என்பதற்காக ‘எல்லாம் செய்வான்’ என்று பெருமைக்காகக் கூறி, அவனுக்குரிய உதவியை இழக்கச் செய்யாதீர்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் நடைபெற்று வருகிறது. அங்கே சென்று ஆலோசனை பெறலாம்.

ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மவர்க்கு ஒரு சொல். மாணவரை உடம்பால் தண்டித்தலையும் மனத்தால் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் விலக்கியிருக்கிறது. சட்டம் விலக்கியது கைப்பிரம்பை மட்டுமன்று. ‘நேற்று எழுதினாயே, இன்று ஏன் எழுதவில்லை?’ என்று நாற்பது மாணவர் முன்னே நாணச் செய்யும் நாப்பிரம்பையும் நாமே விலக்குதல் வேண்டும். வகுப்பின் ஓரத்தில் அமைதியான ஓரிடமும், சிறிது நேரம் வெளியே சென்று வர இசைவும் கொடுத்தால், பாதித் துன்பம் நீங்கும்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் திருமணங்களில் தவிலும் நாதசுரமும் ஒலிபெருக்கியும் ஒருங்கே முழங்க, ஆயிரம் பேர் நெருங்க, பந்தியில் இடத்துக்கு முந்த, இத்தகைய பிள்ளை எவ்வாறு தாங்கும்? தாங்காமல் அலறினால், ‘இவர்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையா? பெண்ணுக்கு வரன் எப்படி அமையும்?’ என்று காதோடு காதாகப் பேசுகிறோம். அப்பேச்சுக்கு அஞ்சியே அக்குடும்பம் அடுத்த திருமணத்திற்கு வருவதில்லை. வந்தாலும் தாய் ஒருத்தி பிள்ளையோடு வீட்டில் தங்கிவிடுகிறாள். யான் முதலிற் கேட்ட வினாவுக்கு விடை இதுவே. அவ்வெண்மரும் பூட்டிய கதவுகளின் பின்னே இருக்கிறார்கள். ஆகையால், சங்கத்தின் ஆதரவில் நடைபெறும் மண்டபங்களிலே ஒலி குறைந்த அறை ஒன்றை இவர்களுக்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். பெருஞ்செலவு இல்லை, ஒரு பாய், ஒரு மின்விசிறி, ஒரு குடம் தண்ணீர், மூடிய கதவு ஆகியன போதும். இயலும் நாளில் அப்பிள்ளை வெளியே வந்து நம்மோடு பந்தியில் அமரட்டும். இயலாத நாளில் உள்ளே இருக்கட்டும். இரண்டு நாளும் அவன் நம் பிள்ளையே.